நாலு மாத நெற்றி

அனுமந்தன்பட்டித் தமிழ்மாறனைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு பெண், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, முழு நினைவோடு, தன் வாயால் சொன்னாள்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் திரும்பி மலையேறி அணைக்கே போய்விட்டது என்று சொல்லிப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் நாலு பேராவது "அப்பிடியா, எப்ப?" என்று கேட்பார்கள். இதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. நம்பாததில் நியாயமும் இருந்தது. நாற்பத்தேழு வயதுக்குள் தமிழ்மாறன் பார்த்துவிட்டு வந்த பெண்களை வரிசையாக நிறுத்தினால், முதல் பெண் உத்தமபாளையம் கோர்ட்டு வாசலிலும் கடைசிப் பெண் குமுளிச் செக்போஸ்ட்டிலும் நிற்பார்கள். அந்த முதல் பெண்ணின் மகளுக்கே போன தை மாதம் வளைகாப்பு. தமிழ்மாறனுக்கும் அழைப்பு வந்தது. போய் ஐந்து வகைச் சோறும் தின்றுவிட்டுத்தான் வந்தான். பெண் பார்த்த வீடுகளில் அவன் சாப்பிட்ட கேசரியை ஒன்றாகச் சேர்த்தால் சுருளி ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டலாம்.

ஆளிடம் குறை கிடையாது. மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை, சொந்தக் கிணறு. குடிப்பதில்லை, கோபப்படுவதில்லை, பேசினால் பக்கத்து வரப்புக்குக் கேட்காது. ஆனால் இந்தக் காலத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் தோட்டக்காரன் என்றால் அடுத்த கேள்வியே கேட்பதில்லை. அதையும் மீறிக் கேட்ட ஒன்றிரண்டு பேர் அவன் முகத்தைப் பார்த்ததும் காப்பியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முகத்துக்குக் காரணம் திராட்சை. கொடி தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் படர்ந்து கிடக்கும். கிளை வெட்டுவதும், பிஞ்சு கிள்ளுவதும், கொத்தை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பதும் எல்லாம் அண்ணாந்து பார்த்தே. இருபத்தெட்டு வருஷம் கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்தவன் நெற்றியில் ஏழு கோடு விழுந்திருந்தது. கோடா அது, வாய்க்கால்! திருநீறு பூசினால் பட்டை மேலே தெரியாது, உள்ளே இறங்கிவிடும். மழைக்காலத்தில் அந்த நெற்றியில் நாற்று நடலாம் என்று அவன் தங்கை விஜியின் புருஷன் சுருளி சொல்லுவான். சுருளி மினி லாரி வைத்துத் திராட்சைப் பெட்டி ஏற்றுகிறவன். மச்சானுக்குப் பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டு போவதும், திரும்பி வரும்போது வாய் பேசாமல் வருவதும் அவன்தான்.

இப்படி இருக்கும்போதுதான் தரகர் பொன்னுராஜ் லோயர் கேம்ப் நதியாவைக் கொண்டுவந்தார். வயது முப்பத்தெட்டு. அம்மா கிடையாது. படுத்த படுக்கையாய் இருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டிவிட்ட பெண். உத்தமபாளையத்தில் இ-சேவை மையத்தில் வேலை. பந்தலடியில் நின்றுகொண்டு பொன்னுராஜ் விஷயத்தைச் சொன்னார்.

"பொண்ணோட தம்பி சூரியபிரகாஷ் ரொம்பக் கறாரு. நாப்பதுக்கு மேலன்னா பேசவே வேணாங்கிறாக. அதனால ஜாதகத்த முப்பத்தொம்பது ஆக்கிட்டேன்."

"எட்டு வருசத்தவா?" என்று தமிழ்மாறன் வாயைப் பிளந்தான்.

"எட்டு வருசத்தத் தள்ளி வச்சதும் கெரகமெல்லாம் எடம் மாறி உக்காந்து, பத்துக்கு எட்டுப் பொருத்தம் வந்திருச்சு தம்பி. ஒரிஜினல் ஜாதகத்துலகூட இம்புட்டு வராது. ஜாதகம் என் பொறுப்பு. மூஞ்சி உங்க பொறுப்பு."

பெண் பார்க்கும் நாள் ஆவணி மாதம் ஒரு ஞாயிறு என்று முடிவானது. முகத்துக்கு அதற்குள் எட்டு வயது குறைய வேண்டும். விஜி போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேனியில் ஒரு தோல் டாக்டரைக் கண்டுபிடித்தாள்.

டாக்டர் எப்சிபா தேனி பஜாரில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். ஓட்டையா, நசுங்கலா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுகிற கண். கூட வந்த விஜியையும் சுருளியையும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, தமிழ்மாறனை வெளிச்சத்துக்குக் கீழே உட்கார வைத்தார்.

"புருவத்தத் தூக்குங்க. ம். இப்பக் கோவப்படுங்க."

"கோவம் வரலையே டாக்டரம்மா."

"மச்சான், அந்தச் சின்னமனூர்க்காரன் உங்களப் பொண்ணோட தாத்தா வயசுன்னு சொன்னான்ல, அத நெனச்சுக்கங்க" என்று சுருளி உதவினான். ஏழு கோடும் எழுந்து நின்றன. டாக்டர் ஒரு வினாடி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். ஊசி இரண்டு வகை. போடாக்ஸ் என்பது தசையைத் தூங்க வைக்கும். தசை அசையாவிட்டால் நெற்றி சுருங்காது, கோடு தெரியாது. இரண்டு வாரத்தில் முழுப் பலன், மூன்று நாலு மாதம் நிற்கும், அப்புறம் தசை விழித்துக்கொள்ளும். ஃபில்லர் வேறு. கன்னம் ஒட்டிப்போன இடத்தில் ஜெல் வைத்து நிரப்புவது. அன்றைக்கே தெரியும், ஒரு வருஷம்வரைகூட இருக்கும்.

தமிழ்மாறன் கண்ணை மூடி யோசித்தான். "அதாவது டாக்டரம்மா, ஒண்ணு கொடி ஓடாம அடக்குற மருந்து. இன்னொண்ணு காய் பருக்க முக்குற மருந்து."

"அப்பிடியே வச்சுக்கங்க."

"எது போடட்டும்?"

"என்னையக் கேட்டா ரெண்டும் வேணாம். இது வெயில் பட்ட தோலு. தொப்பி போடுங்க, சன்ஸ்கிரீன் பூசுங்க. எந்த ஊசியும் வயசக் குறைக்காது சார், கோட்டத்தான் குறைக்கும். போட்டே ஆகணும்னா ஒண்ண மட்டும் முடிவு பண்ணிட்டு வாங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல போட்டா உங்க தங்கச்சிக்கே உங்கள அடையாளம் தெரியாது."

திரும்பும் வழியெல்லாம் வண்டிக்குள் சட்டசபை நடந்தது. "பொண்ணு வீட்டுக்காரன் நெத்தியவா மச்சான் பாப்பான்? கன்னத்தப் பாப்பான். கன்னம் ஒட்டிக் கெடந்தா சோத்துக்கே வழியில்லன்னு நெனப்பான். ஃபில்லர்தேன்" என்றான் சுருளி. "குனிஞ்சு கும்பிடுறப்ப மொதல்ல தெரியுறது நெத்திதேன்" என்றாள் விஜி. தமிழ்மாறனுக்குக் கன்னத்தின் மேல் ஆசை. நெற்றியை நினைத்தால் பயம். வீரபாண்டியில் ஆரம்பித்த வாதம் உத்தமபாளையம் வந்தும் முடியவில்லை.

முடியாத வாதத்தை முடிக்க இந்தப் பக்கத்தில் ஒரே வழிதான் உண்டு. கிணறு எங்கே வெட்டுவது, யாருக்குப் பெண் கொடுப்பது, ஆபரேஷனை மதுரையில் செய்வதா தேனியில் செய்வதா, எல்லாவற்றுக்கும் அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒன்றுக்கு, சிவப்புப் பூ இன்னொன்றுக்கு. இரண்டையும் இலையில் ஒரே மாதிரி மடித்து வைத்து, விஷயம் தெரியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்ததுதான் உத்தரவு. மேல்முறையீடு கிடையாது.

தோட்டத்து அம்மன் கோயிலில் வெள்ளை போடாக்ஸுக்கும் செவ்வரளி ஃபில்லருக்கும் மடித்து வைக்கப்பட்டன. அந்த வழியாகத் தூக்குவாளியோடு வந்த பாண்டியம்மாளை விஜி கூப்பிட்டாள். பாண்டியம்மாள் காய் வெட்டுகிற பெண்களுக்குத் தலைவி. அவள் வாய்க்கு முன்னால் கத்தரிக்கோல் மொக்கை.

"ஏத்தா, என்ன விசயம்? கெணறா, கோர்ட்டுக் கேசா?"

"சொல்லக் கூடாது. ஒண்ண எடு."

"இவன் கல்யாணம்னா ஆத்தாளே பூவ மறைச்சு வச்சுக்கிருவா" என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள். வெள்ளை. பூமி தோன்றிய நாள் முதல் எந்தத் தெய்வமும் ஒரு பக்தனைப் போடாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லி உத்தரவு கொடுத்தது கிடையாது. அனுமந்தன்பட்டியில் அது நடந்தது.

ஊசி போட்டு இரண்டு வாரத்தில் ஆறு கோடு போய்விட்டது. ஒன்றே ஒன்று மட்டும் மயிரிழையாக மிச்சம் இருந்தது. டாக்டர் போதும் என்றார். தமிழ்மாறனுக்குப் போதவில்லை. திராட்சைக் கொத்தை ஒரு தரம் முக்கி யார் விட்டிருக்கிறார்கள்? இரண்டாம் முக்கு முக்கினால்தான் காய் காயாக இருக்கும். "இன்னொரு முக்கு, டாக்டரம்மா" என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்துகொண்டான். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கொஞ்சம் சேர்த்து வைத்தார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! அந்த நெற்றியில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி மூக்கில் விழும். விஜி அதைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். ஒரே ஒரு கோளாறு. நடு நெற்றி உறைந்துபோனதால் புருவத்தின் இரண்டு ஓரமும் மேலே ஏறிக்கொண்டன. யாரோ காதில் நல்ல சேதி சொன்ன மாதிரி, எந்நேரமும் ஓர் ஆனந்த ஆச்சரியம். "வாங்க, ஓரத்துல ஒரு சொட்டு வச்சா எறங்கிரும்" என்று டாக்டர் போனில் கூப்பிட்டார். பெண் பார்க்கப் போகிற இடத்தில் சந்தோஷமான முகம்தானே வேண்டும் என்று தமிழ்மாறன் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் பொன்னுராஜ் போன் செய்தார். நதியாவின் அப்பா இறந்துவிட்டார்.

"பேச்சு நடக்குற எடம் தம்பி. போகலைன்னா தப்பாப் போயிரும். ஒரு மாலையோட போயிட்டு வந்துருங்க."

விஜி அண்ணனைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். "அண்ணே, மூஞ்சியக் கொஞ்சம் சோகமா வச்சுக்க." தமிழ்மாறன் அம்மா செத்ததை நினைத்தான். ஆலங்கட்டி மழையில் மொத்தக் காயும் உதிர்ந்த வருஷத்தை நினைத்தான். கண்ணாடியில் நின்றவனுக்குக் கேரளா லாட்டரியில் பம்பர் விழுந்திருந்தது.

"கீழயே பாரு" என்றாள் விஜி. வேறு என்ன சொல்வாள்?

லோயர் கேம்ப்பில் அந்த வீட்டு வாசலில் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. உறவுக்கார ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். தமிழ்மாறன் கீழேயே பார்த்தபடி தொட்டுக்கொண்டு போனான். கடைசியில் நின்ற சூரியபிரகாஷிடம் வந்தபோது பழக்க தோஷத்தில் நிமிர்ந்துவிட்டான். அப்பாவைப் பறிகொடுத்தவனுக்கு எதிரே, பிறந்தநாள் கேக்கைப் பார்த்த குழந்தை மாதிரி ஒரு முகம். சூரியபிரகாஷ் கையை உருவிக்கொண்டான்.

உள்ளே போய் மாலையைப் போட்டான். பெரியவர் எழுபத்தாறு வயது, ஆறு வருஷப் படுக்கை. ஆனால் அந்த நெற்றி! ஒரு கோடு இல்லை. எல்லாச் சுருக்கமும் விலகி, இஸ்திரி போட்டு வைத்ததுபோல் கிடந்தது. எந்த டாக்டரும் ஊசி போடவில்லை, எந்த ஆத்தாளும் பூ எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகப்போகிறது, அதற்காகவா இரண்டு முக்கு முக்கினோம் என்று தமிழ்மாறனுக்குத் தோன்றியது. தோன்றியதும் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்தது நிற்கவில்லை. முன்பின் பார்த்தறியாத மனிதருக்காக, ஒரு சுருக்கமும் விழாத முகத்தோடு, தாரை தாரையாக அழுதான். பார்த்தவர்களுக்குச் சுவரில் மாட்டிய படம் கசிகிற மாதிரி இருந்தது.

சுருளி அவனைப் பிடித்துப் பின்பக்கம் தண்ணீர் டிரம்முக்குக் கூட்டிப்போனான். கொட்டுக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்ததால் அந்த நேரம் வீடு அமைதியாக இருந்தது. டிரம்மில் குடத்தை முக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய கண். நதியா.

"அனுமந்தன்பட்டியா?"

"ஆமா" என்றான் தமிழ்மாறன்.

"போன வருசம் ஆதார்ல போன் நம்பர் மாத்த வந்தீக. வெயில்ல நின்ன ஒரு அம்மாவ உங்களுக்கு முன்னாடி விட்டீக. அப்பறம் இன்னொரு அம்மாவ. சாயங்காலம் வரைக்கும் நின்னீக. உங்க கார்ட நாந்தேன் பாத்தேன்." குடத்தை டிரம்மின் விளிம்பில் நிறுத்தினாள். "நாப்பத்தேழு."

தமிழ்மாறனுக்குத் தண்ணீர் டிரம்முக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. சுருளி சொம்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

"ஜாதகத்துல முப்பத்தொம்பதுன்னு போட்டிருந்துச்சு. நான் தம்பிகிட்டச் சொல்லல." அவன் நெற்றியை உற்றுப் பார்த்தாள். "அங்கன நெறையக் கோடு இருந்துச்சே. என்னாச்சு?"

"ஊசி... தேனியில."

அப்பா பிணமாகக் கிடக்கிற வீட்டில் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அழுகையாகி, திரும்ப அடங்கியது.

"மறுபடி போடாதீக. கோடு இருந்தாத்தேன் என்ன நெனக்கிறீகன்னு தெரியும்" என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "வருசம் திரும்பட்டும். உங்களக் கட்டிக்கிற எனக்குச் சம்மதம்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இருபது வருஷமாக வண்டி ஓட்டி அலுத்த சுருளிக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானோடு வாசலுக்கு வந்தபோது சூரியபிரகாஷ் வழிமறித்தான்.

"எங்கப்பா செத்துக் கெடக்காரு, இவரு என்னங்க சிரிச்சுக்கிட்டே நிக்கிறாரு?"

பெண்ணுக்கே எல்லாம் தெரியும், அவளே ஒத்துக்கொண்டாள், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று சுருளி நினைத்தான். ஒரு மாமன் உரிமையே வந்துவிட்டது அவனுக்கு.

"சிரிக்கல தம்பி, அது ஊசி. நாப்பத்தேழு வயசு மனுசன், ஜாதகத்துல கொறச்சுப் போட்டாக, அதுக்குத் தக்கன நெத்தியில மருந்து வச்சிருக்கு. மத்தபடி மச்சான் தங்கமான..."

தங்கம் வாயை விட்டு வருவதற்குள் சூரியபிரகாஷ் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "ஏமாத்த எங்க வீடுதேன் கெடச்சுச்சா? எங்கக்கா என்ன போக்கத்துப்போயா கெடக்கு? எங்கப்பா பொணத்து மேல சத்தியமா இந்தப் பேச்சு முடிஞ்சுச்சு." நாலு பேர் வந்து விலக்கினார்கள். உள்ளே பெண்கள் பிணத்தைச் சுற்றி எழுப்பிய ஓலத்தில் நதியாவுக்கு எதுவும் கேட்டிருக்காது.

வண்டி கூடலூர் தாண்டியதும் தமிழ்மாறன் சொன்னான். "மாப்ள, அது சம்மதம்னு சொல்லுச்சு."

சுருளி ரோட்டைப் பார்த்து ஓட்டினான். "கொட்டுச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல மச்சான்."

அன்றிலிருந்து அதுதான் அவன் பேச்சு. தமிழ்மாறன் விஜியிடம் சொன்னான், பொன்னுராஜிடம் சொன்னான், டீக்கடையில் சொன்னான். எல்லாரும் சுருளியைப் பார்த்தார்கள். "எழவு வீட்டுல ஆயிரம் பேச்சு. நான் எதையும் கேக்கல. நம்ப முடியுதா சொல்லுங்க" என்று சுருளி சொல்லிவிடுவான். அந்தப் பெண் சொல்லவில்லை என்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வழக்கம்போல் இன்னொரு வீடு தட்டிப்போனது, அவ்வளவுதான். சொன்னாள் என்றால் கெடுத்தது யார்? அந்தக் கேள்வி வந்து நிற்கும்போதெல்லாம் சுருளி வண்டி டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விடுவான்.

தமிழ்மாறன் ஒரு மாதம் கழித்து இ-சேவை மையத்துக்குப் போனான். அவள் நாற்காலியில் வேறு பெண். "அக்கா வேலைய விட்டுட்டாக சார்." லோயர் கேம்ப் வீட்டுக்குப் போக அவனுக்குத் துணிச்சல் இல்லை. டாக்டர் எப்சிபாவின் கிளினிக்கிலிருந்து அடுத்த ஊசிக்கு நினைவூட்டல் வந்தது, போகவில்லை. கார்த்திகையில் முதல் கோடு திரும்பி வந்தது. தினமும் காலையில் கண்ணாடியில் எண்ணினான். தைக்குள் ஏழும் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டன. ஊரில் முகம் சுருங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதன் அவன்தான். யாருக்குக் காட்டுவதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வருஷம் திரும்பியது. ஆவணிக் கடைசியில் பொன்னுராஜ் வந்து, உட்காராமலேயே சொன்னார். நதியாவைக் கட்டப்பனைப் பக்கம் ஒரு ஏலக்காய்க் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். தம்பி சொல்லைத் தாண்ட முடியவில்லையா, யாரும் வந்து கேட்கவில்லையே என்று அவளும் காத்திருந்து விட்டுவிட்டாளா, தெரியாது. கல்யாணம் முடிந்து பத்து நாளாயிற்று.

அந்த வாரம் தோட்டத்தில் காய் வெட்டு. பந்தலடியில் பெண்கள் வரிசையாக நின்று கொத்து கொத்தாக நறுக்கிப் பெட்டியில் அடுக்கினார்கள். சுருளி பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். சேதி இன்னும் எட்டாத பாண்டியம்மாள் வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

"ஏப்பா தமிழு, அந்த லோயர் கேம்ப்க்காரி கதையச் சொல்லு. புதுசா வந்த பிள்ளைக கேக்கட்டும். எழவு வீட்டுல வச்சு உன்னையக் கட்டிக்கிறேன்னு கால்ல விழுந்தாளாம்ல?"

பெண்கள் சிரித்தார்கள். தமிழ்மாறன் அண்ணாந்து ஒரு கொத்தைப் பிடித்தபடி இருந்தான். ஏழு கோடும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"விடுத்தா" என்றான். "அப்பிடி ஒண்ணும் நடக்கல. அன்னைக்கு அழுது அழுது எனக்குத் தல கிறுகிறுன்னு இருந்துச்சு. நானா என்னத்தையோ நெனச்சுக்கிட்டேன். என்னைய எவ அப்பிடிச் சொல்லுவா? மாப்ள அன்னைக்கே சொன்னாரு, நாந்தேன் கேக்கல."

அவன் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் சுருளி பேசாமல் இருந்திருப்பான். அவன் நம்பிச் சொன்னான். பெண்கள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பாண்டியம்மாள்கூடக் கத்தரிக்கோலைத் தாழ்த்தினாள்.

சுருளி தோளில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தான். வைத்ததில் நாலு கொத்து நசுங்கியது. அதைப் பார்க்காமல் பந்தலடியில் குனிந்து வந்தான்.

"சொன்னுச்சு" என்றான். "ஏ பாண்டியம்மா, எல்லாரும் கேட்டுக்கங்க. நான் பக்கத்துல சொம்போட நின்னேன். இவர் வயசத் தெரிஞ்சே சொன்னுச்சு, ஊசியத் தெரிஞ்சே சொன்னுச்சு. கட்டிக்கிற எனக்குச் சம்மதம்னு சொன்னுச்சு மச்சான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. வாசல்ல போயி நாந்தேன் வாய விட்டேன்."